ஒரே கொம்பியூட்டரில் கடைக் கணக்கை லினக்ஸிலும், வாடிக்கையாளர் பாவிக்கும் விண்டோஸை விஎம்மிலும் (லினக்ஸுக்குள் ஓடும் மெய்நிகர் கொம்பியூட்டர்) வைத்து, கிராஃபிக்ஸ் கார்ட்டை விஎம்முக்கே கொடுத்தால் பாதுகாப்பா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கொமினிகேஷன் கடை, பழைய ஆபிஸ் மெஷின் என்று எடுத்துக்கொள்கிறேன். கொடுக்கலாம். ஆனால் கார்ட் தேடுவதற்கு முன் ப்ரோசெசரைப் பாருங்கள். விஎம்மை ஓட்ட உதவும் விடி-எக்ஸ் மட்டும் போதாது, கார்ட் போன்ற சாதனத்தை விஎம்முக்கு நேரே கொடுக்க விடும் விடி-டி வேண்டும். ஐ5-4570இல் அது உண்டு. அதைவிட விலை கூடிய ஐ7-4770கேயில் இல்லை, ஐ3-4130இலும் இல்லை. மதர்போர்டில் கியூ87 சிப்செட் இருந்தால் நல்லது.

பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்கில்) விடி-எக்ஸ், விடி-டி இரண்டையும் ஆன் செய்யுங்கள். முதல் டிஸ்ப்ளேயாக உள்ளிணைந்த கிராஃபிக்ஸைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பூட் ஆகும்போதே லினக்ஸ் கார்ட்டைப் பிடித்துக்கொள்ளும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் கர்னல் வரியில் ‘intel_iommu=on’ சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் ஐஓஎம்எம்யூ குரூப்களைப் பாருங்கள். ஐஓஎம்எம்யூ என்பது எந்தச் சாதனம் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் பகுதி; ஒரு குரூப்பில் இருப்பவற்றை அதனால் பிரிக்க முடியாது. கார்ட்டின் படமும் எச்டிஎம்ஐ ஒலியும் இரண்டு சாதனங்களாகத் தெரியும். இரண்டையும், விஎம்முக்காகச் சாதனத்தை ஒதுக்கி வைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவரிடம் விடுங்கள். குரூப்பில் பிரிட்ஜ் (ஸ்லொட்டை ப்ரோசெசரோடு இணைக்கும் பகுதி) இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

அதே குரூப்பில் நெட்வேர்க் கார்ட்டோ டிஸ்க் கொன்ட்ரோலரோ இருந்தால் கார்ட்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றுங்கள். குரூப்பைப் பிரிக்க, லினக்ஸ் கர்னலில் ஏசிஎஸ் ஓவர்ரைட் என்ற பெச் போடச் சிலர் சொல்வார்கள். அது குரூப்பைப் பிரித்துக் காட்டுமே தவிர, சாதனங்கள் ஐஓஎம்எம்யூவைத் தாண்டி ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்காது. தோட்ட லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாமல் வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி. ‘எனக்கு ஒழுங்காக ஓடுது’ என்று சண்டைக்கு வருவோருக்கு: விளையாட்டு மெஷினில் போடுங்கள், கடைக் கணக்கு இருக்கும் மெஷினில் வேண்டாம்.

கார்ட்டைவிட உங்களுக்கு ஆபத்து யூஎஸ்பிதான். வாடிக்கையாளரின் பென் டிரைவ் லினக்ஸின் போர்ட்டில் ஏறினால் பிரித்ததில் அர்த்தமில்லை. தனி யூஎஸ்பி பிசிஐ-இ கார்ட் ஒன்று போட்டு, அதை முழுதாக விஎம்முக்குக் கொடுத்து, முன்பக்க போர்ட்களை பயோஸிலேயே அணையுங்கள்.

விஎம்முக்கு 8 ஜிபி ரேம் கொடுத்தால் அந்த 8 ஜிபியும் விஎம்முக்கென்றே பூட்டப்படும், ஏனென்றால் கார்ட் நினைவகத்தை நேரே தொடுகிறது. ஆகவே மொத்தம் 16 ஜிபி வையுங்கள். ஆபிஸ் மெஷின்களின் பவர் சப்ளை சிறியது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போல, 75 வாட்டுக்குள் ஸ்லொட் மின்சாரத்திலேயே ஓடும் கார்ட்டே போதும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பழைய ஆபிஸின் பயோஸ் பாஸ்வேர்டை எடுக்காமலே சில கடைகள் மெஷினை விற்கின்றன. கொழும்பிலிருந்து மலைக்குக் கொண்டுவந்த பிறகு விடி-டியை ஆன் செய்ய முடியாமல் போகலாம். காசு கொடுக்குமுன் கடையிலேயே பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.