அப்படியே அத்தை கை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இரண்டு மேல்கைகளிலும் வெளிப்பக்கம் சின்னச் சின்ன முள் மாதிரி, உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரவென்று இருக்கிறது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று சொல்லி ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் போட்டும் பலன் இல்லை. எங்கள் பக்கம் யாருக்கும் இது கிடையாது, என் நாத்தனாருக்குத்தான் உண்டு. "அப்படியே அத்தை கை" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம். முன்பெல்லாம் லீவு விட்டால் அத்தை வீட்டுக்கு ஓடுவாள். இப்போது போவதில்லை. எப்போதும் முழுக்கைச் சட்டைதான். லேசர் செய்யும் ஓர் இடத்தில் ஆறு சிட்டிங்கில் நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா? எந்த லேசர் நல்லது?

பதில்: லேசருக்கு அப்புறம் வருகிறேன். சொல்லிச் சிரிப்போம் என்கிறீர்களே, யார் யார் சேர்ந்து சிரித்தீர்கள்? அந்தச் சிரிப்பில் உங்கள் மகளும் இருந்தாளா, அல்லது தட்டைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாளா?

இதே கடிதம் எத்தனையோ கையெழுத்தில் எனக்கு வந்திருக்கிறது. ஏதாவது ஒரு மூலையில் இப்படி ஒரு வீட்டுப் பேச்சு கிடக்கும். எழுதுகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. நீங்களும் அப்படித்தான். லீவு விட்டால் ஓடியவள் இப்போது போவதில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் சட்டைக்குப் போய்விட்டீர்கள். அம்மா, அந்தப் பிள்ளைக்கு அத்தையைப் பிடித்திருந்தது. அத்தை மாதிரி இருக்கிறாய் என்று யாராவது சொன்னால் ஒரு காலத்தில் பூரித்துப்போயிருப்பாள். அதைக் கேலியாக்கி அவள் கையில் கொடுத்தது நீங்கள். இப்போது அவளால் அத்தை முகத்தையும் பார்க்க முடியவில்லை, தன் கையையும் பார்க்க முடியவில்லை. நாத்தனார் மேல் உங்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், அதில் பாதி நியாயமாகவும் இருக்கலாம். அதைத் தீர்த்துக்கொள்ளப் பெற்ற பிள்ளையின் கைதானா கிடைத்தது? பிள்ளைக்கு உறவைச் சேர்த்துக் கொடுப்பதும் வளர்ப்பில் சேர்த்திதான். இருக்கிற உறவை அறுத்துவிட்டு, கையை மட்டும் வழவழப்பாக்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது என்பதையும் நான் அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. பெரியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும், பதின்வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் இது இருக்கும் என்பதுதான் தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். சிலருக்கு இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கும். இன்றைக்குக் குளித்துவிட்டு வந்ததும் உங்கள் தொடையின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். பிறகு நாத்தனாரைப் பேசலாம்.

நடப்பது இவ்வளவுதான். மயிர்க்காலின் வாயில் கெரட்டின் என்கிற புரதம் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்கிறது. அடுத்தவருக்குத் தொற்றாது, உடம்புக்குள் எதையும் கெடுக்காது. அழுக்கும் இல்லை, அதனால் தேய்த்துப் போக்க முடியாது. ஸ்க்ரப், நார் என்று எதையாவது எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் சிவக்கும், அப்புறம் கறுக்கும், அந்தக் கறுப்பு போக மாதக்கணக்காகும்.

க்ரீமை இரண்டு வாரம் போட்டீர்களாம்! இரண்டு மாதமாவது விடாமல் போட்டுவிட்டு வந்து பலன் இல்லை என்று சொல்லுங்கள். இதற்குக் கொடுப்பது பெரும்பாலும் யூரியாவோ லாக்டிக் ஆசிடோ கலந்ததாக இருக்கும். வெந்நீரில் நெடுநேரம் நிற்காமல் சீக்கிரம் குளித்து, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பிவிடும், பல் தேய்ப்பது மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, லேசர். நிரந்தரமாகப் போய்விடும் என்று சொன்னார்களே, அந்த வார்த்தையைக் கேட்டதுமே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். பிறவியில் வந்த சுபாவத்தை லேசர் மாற்றாது. கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், மறுபடி தலைகாட்டும். எந்த லேசர் என்று அவர்கள் உங்களுக்குச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. 595 நானோமீட்டர் அலைநீள வெளிச்சம் அடிக்கும் பல்ஸ்டு டை லேசர் ரத்தக் குழாய்களைக் குறிவைப்பது. மயிர்க்காலைச் சுற்றியுள்ள சிவப்பு அதில் குறையும், சொரசொரப்பு அவ்வளவாகக் குறையாது. முடி நீக்கப் பயன்படும் 810 நானோமீட்டர் டையோடு லேசரை இதற்கு வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் சொரசொரப்பு குறைந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. உங்கள் மகளுக்கு எது தொந்தரவு, சிவப்பா, சொரசொரப்பா? கடிதத்தில் அதுவே இல்லை. அவளைக் கேட்டீர்களா என்பதும் இல்லை.

இன்னொன்று, தோலின் நிறம். கறுத்த தோலில் இருக்கும் மெலனின் என்கிற நிறமி லேசரின் வெளிச்சத்தை வாங்கிச் சூடாகிவிடும். கை பழகாதவரிடம் போனால் கொப்புளமும், அது ஆறிய இடத்தில் கரும்புள்ளியும் மிஞ்சும். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரை மெலனின் குறைவாக வாங்குவதால், கறுத்த தோலுக்கு மற்றவற்றைவிட அது பாதுகாப்பு. எதுவானாலும் முதலில் ஒரு சின்ன இடத்தில் அடித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்காமல் முழுக்கைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

16 வயதில் இது தேவையில்லை என்பது என் முடிவு. வயது ஏற ஏறப் பலருக்கும் தானாகவே குறைகிற விஷயம் இது. இன்னும் சில வருடம் கழித்து, யாரும் சிரிக்காத வீட்டில் இருந்துகொண்டு, அவளே யோசித்துக் கேட்டால் செய்துகொள்ளட்டும். நான் லேசருக்கு எதிரி இல்லை.

இப்போதைக்கு அந்த ஆறு சிட்டிங் பேச்சை விடுங்கள். க்ரீம் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே மறுபடி அழைத்துப்போய் அவளைப் பேசவிடுங்கள். கூட யார் வர வேண்டும் என்று முன்கூட்டியே அவளைக் கேளுங்கள். அத்தை என்று சொன்னால் முகத்தைச் சுளிக்காமல் நாத்தனாருக்கு நீங்களே போன் போடுங்கள்.