14 வயது மகனுக்கு இடுப்பில் ‘டப்’ என்ற சத்தம்: வெறும் தசைப்பிடிப்புதானா?

100 மீட்டர் ஓட்டத்தில் உங்கள் மகனுக்கு இடுப்பின் முன்பக்கம் ‘டப்’ என்றது, இப்போது நொண்டுகிறான், எண்ணெய் தேய்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்க்க வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

பெரியவர்களுக்குத் தசை கிழியும். வளரும் பிள்ளைகளுக்கு அதே இழுப்பில் எலும்பே பெயர்ந்து வரலாம். தொடைத் தசைகளின் நாண்கள் இடுப்பெலும்பில் ஒட்டும் இடங்களில் வளர்ச்சிக் குருத்தெலும்பு (இன்னும் கெட்டி எலும்பாகாத, வளரும் பகுதி) இருக்கும். 13 முதல் 17 வயதுவரை நாணைவிட அதுதான் பலவீனம். வேகமாகக் கிளம்பும்போதோ பந்தை ஓங்கி உதைக்கும்போதோ தசை சுண்டி இழுத்தால், அங்கே ஒரு எலும்புத் துண்டு பிய்ந்துவிடும். பின்தொடைத் தசையும் உட்காரும் எலும்பை இப்படியே பெயர்க்கும். பயிற்சியாளர்கள்கூட இதைச் ‘சுளுக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் பிசியோதெரபி. துண்டு அதிகம் விலகியிருந்தால்தான் கத்தி. மறுபடி ஓட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி நெருங்குகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் அந்தச் சத்தத்தை மறக்காமல் சொல்லுங்கள். காலே ஊன்ற முடியவில்லை என்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று: அடியே படாமல் ஒரு பிள்ளை இடுப்பு அல்லது முட்டி வலி என்று நொண்டினால், அது தொடையெலும்பின் தலை நழுவுவதாக இருக்கலாம். அதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது.