ஓலையை நனைய வைத்துவிட்டு ஓடப் போங்கள்

கேள்வி: காரைக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39. இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், விடிகாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி வந்தேன். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்த பிறகு, காலுக்கு ஓய்வு என்று நிறுத்தினேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடையக் கற்றுக்கொண்டேன். பழைய வீட்டு வாசல்களை வரையவும் ஆரம்பித்திருக்கிறேன். இரண்டிலும் நேரம் போவதே தெரியவில்லை. போன வாரம் ஓடிப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. போனில் இருக்கும் ஓட்டச் செயலியைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. கைவேலையைக் குறைத்துக்கொள்ளட்டுமா? பங்குனியில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா?

பதில்: கொட்டானைக் குறைக்காதீர்கள். பள்ளி முடிந்து வந்த களைப்பிலும் உங்களை ஆசையாக உட்கார வைக்கிற வேலை அது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஓட்டத்தை வைத்தால், ஓட்டத்தின் மேல்தான் வெறுப்பு வரும். கொட்டானுக்குப் போகும் வழியில் ஓட்டத்தை வைத்துப் பாருங்கள். எப்படி என்று சொல்வதற்கு முன், அந்த ஒரு கிலோமீட்டர் மூச்சிரைப்பைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் மனதைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே இரத்தத்தில் உள்ள திரவத்தின் அளவு குறையத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், பழைய வேகத்தில் போனாலே மூச்சு வாங்கும். பாதயாத்திரை போனோமே என்பீர்கள். அது பெரிய உழைப்புதான், ஆனால் ஓட்டத்துக்கு அது ஈடாகாது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கால் வாங்குவது ஏறக்குறைய உடல் எடை அளவுதான். ஓடும்போது அது இரண்டு, மூன்று மடங்கு. இழந்த மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். குதிகால் தசைநாணும் முழங்கால் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதனால்தான் திரும்ப ஆரம்பிக்கிறவர்களுக்கு, மூச்சு சரியாகி உற்சாகம் வருகிற மூன்றாவது, நான்காவது வாரத்தில் கால் வலி வருகிறது. எனக்கே ஒரு வருடம் அப்படி நேர்ந்து, முன்னங்கால் எலும்பு வலியில் சித்திரை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பழைய ஐந்து கிலோமீட்டரை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது அந்தச் செயலி. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்வதுபோல ஆகிவிட்டது. செயலி தரும் பதக்கமும், விடாமல் ஓடிய நாட்களின் கணக்கும் உங்களுக்கு அதைத்தான் செய்திருக்கின்றன. கணக்கு ஒருமுறை அறுந்ததும் அதைத் திறக்கவே கூசுகிறது. கொட்டானுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, கை தானாகப் போகிறது. ஆறு வாரத்துக்கு அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரம் பார்க்கச் சாதாரணக் கைக்கடிகாரம் போதும்.

இப்போது ஓலைக்கு வருவோம். காய்ந்த பனையோலையை அப்படியே மடக்கினால் ஒடியும், நனைத்தால்தான் வளைந்து கொடுக்கும். ஆச்சி இதை முதல் நாளே சொல்லியிருப்பார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பள்ளியிலிருந்து வந்து ஒரு வாய் காபி குடித்ததும், அன்றைக்கு வேண்டிய ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டுங்கள். ஓலை பதமாகும் நேரம்தான் உங்கள் ஓட்ட நேரம், இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திரும்பி வந்து முகம் கழுவினால் முடைய உட்காரலாம். ஓடலாமா வேண்டாமா என்று மனதோடு வாதாடும் இடமே இதில் இல்லை. ஓலையை நனைப்பது உங்களுக்குப் பிடித்த வேலை, கை அதை எப்படியும் செய்யும். மற்றது அதன் பின்னாலேயே வரும்.

காலையில் ஓடியவரை ஏன் மாலைக்கு மாற்றுகிறேன் என்று கேட்பீர்கள். விடிகாலை ஓட்டம் என்றால் சமையல், டிபன் பாக்ஸ், பள்ளி வேன் எல்லாவற்றோடும் போட்டி போட வேண்டும். பழக்கம் விட்டுப்போன நேரத்தில் அந்தப் போட்டி வேண்டாம். ஏடுகளில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். நம் பக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு வசந்தம் என்பது மாசியும் பங்குனி முற்பாதியும்தான். இப்போது மாலை ஐந்தே முக்காலுக்கு வெளியே இறங்கலாம். பங்குனி பிற்பாதியில் தரையிலிருந்தே அனல் கிளம்பும். அதற்குள் பழக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் காலைக்கு மாறுவது சுலபம். கூடின வெயிலுக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும் என்பதால், அப்படி மாறும் வாரங்களில் தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மூன்றாவது, நான்காவது வாரம் ஓட்டத்தை இரண்டு நிமிடமாகவும் நடையை ஒரு நிமிடமாகவும் மாற்றலாம். தார் ரோட்டை விட்டுவிட்டு ஊருணிக் கரையிலோ கண்மாய்க் கரையிலோ செம்மண் தடத்தில் ஓடினால் காலுக்குச் சற்று இதமாக இருக்கும்.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்குக் கடிகாரம் வேண்டாம், இடுப்புப் பையில் உள்ளங்கை அளவு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். நம் செட்டிநாட்டு ஊர்கள் ஓவியம் வரைகிறவருக்காகவே அமைந்தவை மாதிரி இருக்கும். தெருக்கள் நேர்கோடாகக் குறுக்கும் நெடுக்கும் போகும். வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் உள்ள கஜலட்சுமி சுதையை ஒரு தெருவில் நின்று வரைந்துவிட்டு, மூலையைச் சுற்றி ஓடினால் அதே வீட்டின் பின்வாசல் வந்துவிடும். ஏறக்குறைய ஐந்து நிமிடம் அந்தந்த வாரத்து ஓட்டமும் நடையும், பத்து நிமிடம் வரைதல், மறுபடி எழுந்ததும் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு ஓட்டம். மூன்று வாசல் வரைந்தால் அன்றைக்குப் போதும். ஒரு நாள் கானாடுகாத்தானுக்குப் பஸ்ஸில் போய் அங்கே இதைச் செய்து பாருங்கள். சூரியன் ஏறுவதற்குள், கிழக்கு பார்த்த முகப்புகளில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுதைப் பொம்மைக்கும் நிழல் எழும்பி நிற்கும். எனக்கு வரைய வராது, ஆனால் அந்த வெளிச்சத்துக்காகவே அந்தத் தெருக்களில் ஓடியிருக்கிறேன்.

நடுவில் நடக்கும் நிமிடங்களை வீண் என்று நினைக்காதீர்கள். 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், உட்கார்ந்தே இருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் அதிகம் வந்தன. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பலன் சற்று நேரம் இருந்தது. அதனால் ஓடி நடந்து வந்து முடைய உட்காருங்கள், எந்த நிறம் எங்கே வர வேண்டும் என்பதுகூட வழியிலேயே தோன்றலாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் என்ன? ஒன்றும் ஆகாது. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரிடம் புதுப் பழக்கங்கள் எப்படி ஊறுகின்றன என்று பார்த்தார். சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரும் கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறியது யாரையும் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளவில்லை. முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடமும் காவடியும் வரும் நாளில் தெருவில் ஓட இடமும் இருக்காது. அன்றைக்கு ஓட வேண்டாம்.

கொட்டான் முடைகிறவருக்காக இன்னொன்று. தரையில் சம்மணமிட்டு ஒரு மணி நேரம் குனிந்திருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகும். அந்த இறுக்கத்தோடு எழுந்து ஓடினால் கீழ்முதுகு வலிக்கும். ஓட்டம் முதலில், முடைவது பிறகு என்று நான் வரிசை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கையைத் தூக்கி, முதுகை நிமிர்த்தி, வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். ஓடி வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ ஒரு சொம்பு குடியுங்கள்.

பங்குனியில் பத்து கிலோமீட்டர் வேண்டாம். உங்கள் கால் எலும்புக்கு அவகாசம் போதாது, வெயிலும் சேரும். ஆடி கழிந்து பார்ப்போம்.

கடைசியாக, இதைத் தள்ளிப்போடாதீர்கள். போன வாரத்து மூச்சிரைப்புக்கு ஐந்து வார ஓய்வே காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் வயதுப் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே முகத்தோடு வரும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எந்த உற்சாகப் பேச்சும் காலைத் தூக்க வைக்காது. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். மூன்றையும் இந்த வாரமே இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூன்று எண்களும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஐந்தாவது வாரத்துக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன்.