ஊனமாஞ்சேரியும் ஏட்டய்யாவின் மேசையும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் எஸ்.ஐ. தேர்வில் தேறி, வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறாள். காலையில் கவாத்து, அப்புறம் சட்ட வகுப்பு, துப்பாக்கி, கணினி என்று போகிறதாம். இத்தனையும் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தும் ஸ்டேஷனில் ஏன் இன்னும் அடி விழுகிறது? வெள்ளைக்காரன் காலத்துக் கவாத்துதான் காரணமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கவாத்தை விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கவும் கூட்டத்தில் கலையாமல் இருக்கவும் அது உதவுகிறது. அடிக்கச் சொல்லித்தருவது அதுவல்ல.

நீங்கள் கேட்ட அடிக்குத் தனி வரலாறே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலும் காவலும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலம். வரி கட்டாதவரையும் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரையும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பெயரோடு வருகின்றன. அதன் பிறகுதான் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவல் தனித் துறையானது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்ற விதியும் அந்தக் காலத்திலிருந்தே தொடர்கிறது. இன்றைக்கு அது புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. உங்கள் அக்கா மகளுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பயிற்சிக்கு வருகிறேன். அதிகாரிகளுக்கான பள்ளி முதலில் வேலூரில் இருந்தது. பிறகு சென்னை அசோக் நகர் கல்லூரி. ஊனமாஞ்சேரி உயர் பயிற்சியகம் 2008இல் வந்தது. எனக்கு இடமாற்றங்களைவிட முக்கியமாகப் படுவது காவல் துறையை ஆராய்ந்த ஃபிரேசர் ஆணையம் 1902-03இல் எஸ்.ஐ.க்கும் கான்ஸ்டபிளுக்கும் நடுவே போட்ட கோடு. எஸ்.ஐ.களைப் படித்தவர்களிலிருந்து நேரடியாக எடுக்கவேண்டும், விசாரணை அவர்கள் வேலை. கான்ஸ்டபிளுக்குப் பாரா, ரோந்து, கைதி வழிக்காவல் போன்ற இயந்திரத்தனமான வேலை போதும் என்றது. கான்ஸ்டபிளுக்கு மாதம் குறைந்தது எட்டு ரூபாய் கொடுங்கள் என்றும் சொன்னது. அந்தக் கூலிக்குக் கிடைக்கிற ஆளிடம் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பதுதான் கணக்கு.

கூலி மாறிவிட்டது. இன்றைக்குப் பட்டதாரிகளே இரண்டாம் நிலைக் காவலர்களாக வருகிறார்கள். ஆனால் கோடு அழியவில்லை. எஸ்.ஐ.க்கு ஓராண்டு, காவலருக்குக் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம், அப்புறம் ஸ்டேஷனில் கொஞ்சநாள் செய்முறை. ஸ்டேஷனுக்குள் நுழைகிற சாதாரண ஆள் முதலில் பார்ப்பது யாரை? அந்த ஏழு மாதக்காரரைத்தான். காவல் பயிற்சியை ஆராய 1971இல் அமைந்த கோரே குழு, மனிதர்களைப் புரிந்துகொள்ளும் பாடம் பயிற்சியில் வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தக் குழுவின் தலைவர் சமூகவியலாளர், போலீஸ்காரர் அல்ல. பாடம் வந்துவிட்டது, சரி. ஸ்டேஷனில் அதற்கு வேலை கொடுப்பது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் கைப்பை தொலைந்து ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. எழுந்து நின்று, "மனு எழுதிக் கொடுங்க சார், ரசீது தர்றோம்" என்றார். பக்கத்து மேசையில் இருந்த ஏட்டய்யா தலை நிமிராமலே, "நாளைக்கு வாங்க" என்றார். நான் மறுநாள்தான் போனேன். அந்த எஸ்.ஐ. ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருட அனுபவத்தின் முன்னால் அவர் ஓராண்டுப் பயிற்சி வாய் திறக்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் இருக்கின்றன. சோதனையை வீடியோ எடுக்கவேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும். தடயத்தை வைத்து வழக்கை நிரூபிக்கப் பழகினால் வாயைப் பிடுங்கவேண்டிய அவசரம் குறையும். ஆனால் இதை எஸ்.ஐ. மட்டும் பழகினால் போதாது. ஏட்டய்யாவும் ரைட்டரும் சில வாரமாவது வகுப்பில் உட்காரவேண்டும், முடிந்தால் புதிய எஸ்.ஐ.களோடு ஒரே பெஞ்சில். ஃபிரேசர் போட்ட கோட்டை அழிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

உங்கள் அக்கா மகள் பணியில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். யார் மேசையில் மனு வாங்குகிறார்கள் என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.