ஒப்பந்தம் தீரும் வீரரை விற்கலாமா? ஃபேன்டஸி லீக் கேள்வி பதில்

ஃபேன்டஸி லீக் என்றால், உண்மையான கால்பந்து வீரர்களை நண்பர்கள் ஆளுக்கொரு கற்பனை அணியாக எடுத்து, அவர்கள் நிஜப் போட்டிகளில் ஆடுவதற்கேற்பப் புள்ளி எண்ணும் ஆட்டம். ஓகஸ்டில் ஏலம் எடுக்கும்போது எல்லோரும் ராஜாக்கள். நவம்பர் பிறந்ததும் எனக்குக் கடிதம் வரத் தொடங்கும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பருவ முடிவில் ஒப்பந்தம் தீரும் வீரர்களைப் பற்றியவை. அதனால் கோல்காப்பாளர் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி (கல்லடி வாசகர்): இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரர்களை வைத்துப் பத்து நண்பர்கள் லீக் நடத்துகிறோம். ஏலத்தில் எடுக்கும் வீரரை எத்தனை பருவம் வைத்திருப்போம் என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும், அதிகபட்சம் மூன்று. காலம் முடிந்தால் அவர் மீண்டும் ஏலத்துக்குப் போவார். பரிமாற்றத்துக்கு ஜனவரி 31 வரை இடமுண்டு. என்னிடம் இருக்கும் எர்லிங் ஹாலண்டுக்கு இது கடைசிப் பருவம். நான் எட்டாம் இடம். முதலிடத்தில் நிற்கும் என் மச்சான் ஹாலண்டைக் கேட்கிறார். பதிலுக்குத் தருவது ஆர்சனலின் புகாயோ சாகா. அவருக்கு இதற்குப் பிறகும் இரண்டு பருவங்கள் உண்டு. எனக்கு மனம் வரவில்லை ஐயா.

பதில்: மனம் வராதுதான். 2022-23 பருவத்தில் 36 கோல் போட்டுப் பிரீமியர் லீக் சாதனையையே உடைத்த மனிதரை யார்தான் சும்மா விடுவார்கள்? ஆனாலும் கொடுங்கள் தம்பி. ஹாலண்டுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் 2034 வரை ஒப்பந்தம் இருக்கிறது. உங்களுக்கும் ஹாலண்டுக்கும் மே மாதம் வரைதான். அவர் இனி இருபது கோல் போட்டாலும் நீங்கள் எட்டிலிருந்து ஆறுக்கு வருவீர்கள். ஆறாம் இடத்துக்கு உங்கள் லீக்கில் என்ன தருகிறார்கள்? அதே இருபது கோல் மச்சானுக்குக் கிண்ணம். அந்த வேறுபாட்டுக்குத்தான் நீங்கள் விலை கேட்க வேண்டும். ஓகஸ்டில் ஹாலண்ட் பொது ஏலத்துக்கு வரும்போது மீண்டும் கைதூக்க உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆனால் சாகாவோடு மட்டும் திருப்திப்படாதீர்கள். 2024 டிசம்பரில் அவருடைய தொடைத் தசை கிழிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து மைதானத்துக்குத் திரும்பியது மறு ஏப்ரலில். நல்ல வீரர்தான், என்றாலும் முழு விலையையும் ஒரே காலில் வைக்கக்கூடாது. அடுத்த ஏலத்துக்கான மச்சானின் பணத்தில் ஒரு பங்கும் கேளுங்கள். இரண்டாம் இடத்தில் நிற்பவரோடும் பேசுங்கள். அதுவும் மச்சானின் காதில் விழும்படி பேசுங்கள். நாளைக் கடத்தவும் வேண்டாம். பருவத்தில் 38 போட்டிகள். டிசம்பர் தொடக்கத்தில் விற்றால் இருபதுக்கு மேற்பட்ட போட்டிகளை விற்கிறீர்கள். ஜனவரி முடிவுவரை பிகு பண்ணினால் பதினைந்து தேறுவதே பெரிது.

வாங்குபவர் மச்சான் என்பதால் முணுமுணுப்பு எழும். எங்கள் லீக்கில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வீரர் பெயர், ஏல விலை, தொடங்கிய பருவம், கடைசி நிரலில் சிவப்புப் பேனையால் தீரும் பருவம். பரிமாற்றம் நடந்தால் அந்த வரிக்குக் கீழேயே இருவரும் ஒப்பமிட வேண்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் அன்றே படம் பிடித்து அனுப்பப்படும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். முணுமுணுப்பு நிற்காது, குறையும்.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): நான் இரண்டாம் இடத்தில் நிற்கிறேன். மே மாதத்தில் கையைவிட்டுப் போகிறவரை வாங்குவது வீண் செலவு இல்லையா?

பதில்: சம்மாந்துறையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே. குத்தகை முடியப் போகிறது என்று விளைந்த வயலை வெட்டாமல் விடுவீர்களா? வாங்குங்கள். கொடுப்பதில் மட்டும் கவனம்: உங்கள் இளம் வீரர்களில் ஒருவருக்கு மேல் போகக்கூடாது.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): எங்கள் லீக்கில் ஒப்பந்தக் கணக்கு இல்லை. ஆனால் என் வீரர் ஒருவருக்கு அவருடைய உண்மையான கழகத்தோடு ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அத்தகையவர்கள் மனம் வைத்து ஆட மாட்டார்கள், ஜனவரிக்கு முன் தள்ளிவிடு என்கிறார் எங்கள் காக்கா. சரியா?

பதில்: காக்கா பாதி சரி. ஒப்பந்தம் பொதுவாக ஜூன் 30இல்தான் முடியும். போட்டிகள் மே மாதத்திலேயே முடிந்துவிடும். ஆகவே தாளில் உங்களுக்கு நட்டமில்லை. சிக்கல் ஜனவரியில் இருக்கிறது. 1995 டிசம்பர் 15இல் பெல்ஜிய வீரர் ஜான் மார்க் பொஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கழகம் பணம் கேட்டு மறிக்க முடியாது. கடைசி ஆறு மாதத்தில் அவர் வெளிநாட்டுக் கழகத்தோடு முன்கூட்டியே கையெழுத்தும் இடலாம். சும்மா போகவிடுவதைவிடக் கிடைத்த விலைக்கு விற்போம் என்று கழகம் ஜனவரியில் அவசரப்படும்.

எங்கே விற்கிறது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் கிறிஸ்டியன் எரிக்சன் ஒப்பந்தத்தில் ஆறு மாதங்கூட மீதமில்லாத நிலையில் டொட்டன்ஹாமிலிருந்து இத்தாலியின் இன்டர் மிலானுக்குப் போனார். அவரை வைத்திருந்தவர்களுக்கு அன்றிலிருந்து சுழியம். 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸின் கதை வேறு. ஆர்சனலும் மான்செஸ்டர் யுனைட்டெட்டும் அவரையும் ஹென்றிக் மிகிதார்யனையும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டன. லீக் மாறவில்லை, புள்ளி தொடர்ந்து வரும் என்று மகிழ்ந்தவர்கள் ஏமாந்தார்கள். 2016-17இல் ஆர்சனலுக்கு 24 லீக் கோல் போட்டவர், யுனைட்டெட்டில் 45 போட்டிகளில் போட்டது மொத்தம் ஐந்து.

மனம் வைத்து ஆடமாட்டார்கள் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2024-25இல் லிவர்பூலின் மூவருக்கு ஒரே நேரத்தில் ஒப்பந்தம் முடிய இருந்தது. அதில் முகமட் சாலா 29 கோல், 18 கோல் உதவி (மற்றவர் கோல் போடப் பந்து கொடுத்தது). அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் 344 புள்ளி எடுத்துச் சாதனை படைத்தார். புதிய ஒப்பந்தம் ஏப்ரலில்தான் வந்தது. வேர்ஜில் வான் டைக்கும் அதே மாதம் ஒப்பமிட்டார். மூன்றாமவரான ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் போகிறேன் என்று மே மாதத்தில் அறிவித்தார். கிண்ணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. ஆர்சனலுக்கு எதிரான அடுத்த போட்டியை அவருடைய இடத்தில் தொடங்கியவர் கோனர் பிராட்லி. அலெக்சாண்டர்-ஆர்னல்ட் இடையில் இறங்கியபோது லிவர்பூலின் சொந்த மைதானமான அன்ஃபீல்டிலேயே கூச்சல் போட்டார்கள். அதாவது வீரர் தளர்வதல்ல, பயிற்றுவிப்பாளர் அடுத்த ஆளைப் பழக்கத் தொடங்குவதுதான் புள்ளியைக் குறைக்கிறது. உங்கள் வீரரின் கழகம் கிண்ணத்துக்கோ தரமிறங்காமல் இருப்பதற்கோ போராடுகிறதென்றால் வைத்திருங்கள். நடு வரிசையில் சும்மா நிற்கிறதென்றால் காக்கா சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி (காரைதீவு வாசகி): அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் அணி மாற்றும் கடைசி நேரத்தை அடிக்கடி தவறவிடுகிறேன். நம் நேரத்தில் எத்தனை மணி?

பதில்: அந்த வாரத்தின் முதல் போட்டிக்கு 90 நிமிடம் முன், தங்கச்சி. சனி மதியப் போட்டியில் தொடங்கும் வாரமென்றால் இங்கிலாந்தின் குளிர்காலத்தில் நமக்கு மாலை 4.30, மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை முன்தள்ளிய பிறகு 3.30. வெள்ளி இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் வாரங்கள்தான் ஆளை விழுத்தும்: குளிர்காலத்தில் நமக்கு அது சரியாக நள்ளிரவு.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): நம் மாவட்டக் கழகங்களை வைத்து இதேபோல் ஒன்று தொடங்கலாமா?

பதில்: ஆசைதான். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கோல் விழுந்தால் அதைப் போட்டவர் யார் என்பதிலேயே மறுநாள் தேநீர்க் கடை வரை வாக்குவாதம் நடக்கிறது. கோல் உதவியை யார் எழுதுவது? கொப்பியும் பேனையுமாகக் கோட்டோரத்தில் உட்கார ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (ஏறாவூர் வாசகர்): கடைசி இடத்தில் இருப்பவர், ஒப்பந்தம் தீரும் தன் மூன்று சிறந்த வீரர்களையும் ஒரு கூட்டாளிக்கு ஒன்றுமில்லாத விலைக்குக் கொடுத்துவிட்டார். ஓகஸ்ட் ஏலத்தில் கூட்டாளி இவருக்கு எதிராகக் கைதூக்க மாட்டாராம். விதியில் இதற்குத் தடை இல்லை என்கிறார்கள்.

பதில்: கடைசி இடத்துக்காரர் விற்பது குற்றமல்ல, கல்லடித் தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். குற்றம் அந்த ஏல உடன்பாடு. அது வெளியே தெரிந்த நிலையில் மற்றவர்கள் பேசாமல் இருந்தால் அடுத்த வருடம் இரண்டு பேருக்குத்தான் லீக். இந்த வருடப் பரிமாற்றத்தை இனி அழிக்க முடியாது. நடந்த போட்டிகளின் புள்ளியைத் திரும்ப எண்ணப் போனால் அடிதடியில் முடியும். ஓகஸ்டுக்கு முன் இரண்டு விதி எழுதுங்கள். தீரும் ஒப்பந்தங்களில் ஒருவர் ஒரு பருவத்துக்கு இரண்டுக்கு மேல் விற்கக்கூடாது. பரிமாற்றத்தில் இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 48 மணி நேரத்துக்குள் மறுத்தால் அது செல்லாது. அந்த மூன்று வீரர்களையும் ஏலத்தின் தொடக்கத்திலேயே, எல்லோர் கையிலும் முழுப் பணம் இருக்கும்போது விடச் சொல்லுங்கள். கூட்டாளி கைதூக்காவிட்டால் என்ன, மற்றவர்கள் தூக்குவார்கள்.