ஏழாம் வகுப்புக்காரர்களின் நாவல்கள்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 42. ஏழாவது படிக்கும் மகளுக்காக வாங்கும் ஃபேன்டசி, சாகச நாவல்களை, அவள் தூங்கியதும் எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு முன்னால் நான் முடித்துவிடுகிறேன். கடைசியாகப் படித்தது உர்சுலா லெ குவினின் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’. இன்னும் அதே நினைப்பாக இருக்கிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், ‘இதெல்லாம் தப்பித்தல், வயதுக்கேற்றதைப் படியுங்கள்’ என்றார். அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் பெரிய நாவல்களைப் பார்த்தால் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. இந்த வாசிப்பில் ஏதாவது இருக்கிறதா, வெறும் பொழுதுபோக்குதானா? அடுத்து என்ன படிக்கலாம்? அப்புறம், என் மகளின் கேள்வி ஒன்று: இந்தக் கதைகளில் மட்டும் ஏன் அப்பா அம்மா செத்துப்போய்விடுகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பகலெல்லாம் வங்கியில் இருந்துவிட்டு, வீட்டு வேலையையும் முடித்து, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கிறவரிடம் ‘தப்பித்தல்’ என்று சொல்ல உங்கள் நண்பருக்குத் துணிச்சல் அதிகம். அவர் கிரிக்கெட் பார்ப்பாரா என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்கள் ஒரு நாவலை அதன் விருதுக்காக, எழுதியவரின் பெயருக்காக நூறு பக்கம் வரை பொறுத்துக்கொள்வோம். பிடிபடவில்லை என்றால் குறை நம்மிடம்தான் என்றுகூட நினைப்போம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. மூன்றாம் பக்கத்தில் போரடித்தால் புத்தகம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்படிப்பட்ட வாசகருக்கு எழுதுகிறவர் பூசி மெழுக முடியாது. நீங்கள் ராத்திரியில் ரசிப்பது அந்தக் கறாரைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் படித்த நாவலையே எடுத்துக்கொள்வோம். 1968இல் வந்தது. தொடக்கத்தில் ஆடுகள் வரும் இடம் நினைவிருக்கிறதா? கோண்ட் தீவில் ஆடு மேய்க்கும் ஏழு வயதுப் பையன். குடிசைக் கூரையில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் ஒரு ஆட்டை, அவன் அம்மாவின் சகோதரி ஏதோ உரக்கச் சொல்லி இறங்க வைக்கிறாள். மறுநாள் மலையில் அந்தச் சொற்களை அவனும் சும்மா சொல்லிப் பார்க்கிறான். எல்லா ஆடுகளும் வருகின்றன, சத்தமே இல்லாமல். மஞ்சள் கண்களால் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவன் சிரிக்கிறான். இன்னும் நெருங்கி வருகின்றன. இப்போது பயம் வந்துவிடுகிறது. ஓடினால் மொத்தக் கூட்டமும் அவனை இடித்துக்கொண்டே கூட ஓடி வருகிறது. ஊர்க்காரர்கள் ஏசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவற்றை விடுவிக்கும் வழி அவனுக்குத் தெரியாது.

வரவழைக்கத் தெரியும், திருப்பி அனுப்பத் தெரியாது. நாவலே அவ்வளவுதான். பின்னால் ரோக் தீவுப் பள்ளியில், இன்னொரு மாணவனிடம் வீம்புக்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அந்த வாசலை அடைக்கப்போய்த் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அந்த இடத்தில் ஆடுகளை யாரும் நமக்கு ஞாபகப்படுத்துவதில்லை. படிக்கும் பிள்ளைக்குத் தானாகவே ஞாபகம் வரும் என்று லெ குவின் நம்புகிறார். பெரியவர்களுக்கான எத்தனை நாவல்களில் இந்த நம்பிக்கை இருக்கிறது?

அந்தப் பள்ளியில் முதலில் கற்றுக்கொடுப்பதே எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான். கூழாங்கல் வைரம் போலத் தோன்றச் செய்யலாம், அது கண்கட்டு. உண்மையாகவே வைரமாக்கினால் உலகத்தின் சமநிலை கலையும். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறெங்கோ வறட்சி. வங்கிக்காரரான உங்களுக்கு இது எளிதில் பிடிபட்டிருக்கும்: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். மட்டமான ஃபேன்டசியில் இந்தக் கணக்கு இருக்காது. மூன்றாவது அத்தியாயத்தில் முடியாத மந்திரம், கதாநாயகன் மாட்டிக்கொண்டதும் இருபதாவது அத்தியாயத்தில் முடியும்.

சாகச நாவல்களையும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்டை’ நம்மில் பலர் சுருக்கப் பதிப்பில்தான் படித்திருப்போம். முழுதாக ஒருமுறை படியுங்கள். ஆப்பிள் பீப்பாய்க் காட்சி எல்லாச் சுருக்கங்களிலும் இருக்கும்: ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், கப்பல் சமையற்காரன் சில்வர் போடும் சதித்திட்டத்தை உள்ளிருந்து கேட்டுவிடுகிறான். கதைக்கு அது போதும். ஆனால் மூலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சில்வர் ஒரு இளம் மாலுமியை மயக்கித் தன் பக்கம் இழுக்கிறான். ஜிம்மிடம் முன்பு சொன்ன அதே புகழ்ச்சியை, அதே வார்த்தைகளில் அவனிடமும் சொல்கிறான். உயிருக்கே ஆபத்தான நேரத்தில் ஜிம்முக்கு வருவது கோபம். முடிந்திருந்தால் பீப்பாய் வழியாகவே அவனைக் கொன்றிருப்பேன் என்கிறான். தனக்கு மட்டும் கிடைத்ததாக நினைத்த அன்பு எல்லோருக்கும் விநியோகமாகிறது என்று தெரிய வரும் கணம் அது. பயமெல்லாம் அப்புறம்தான் வருகிறது, சில்வர் பேச்சுக்கு நடுவில் ‘எனக்கு ஒரு ஆப்பிள் எடுத்துக் கொடேன்’ என்று அந்த மாலுமியிடம் கேட்கும்போது. சுருக்குகிறவர்கள் சம்பவத்தை வைத்துக்கொண்டு முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட மனக்கசப்பைத்தான்.

அந்த நாவல் பிறந்த விதம் உங்கள் உறுத்தலுக்கும் கொஞ்சம் மருந்தாகலாம். 1881இல் ஸ்காட்லாந்தின் ப்ரேமார் என்ற ஊரில், மனைவியின் மகனோடு பொழுதைப் போக்க ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடம் வரைந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கதை வந்தது. எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினார். பையனை விட அதிகமாகக் கதையில் மாட்டிக்கொண்டவர் ஸ்டீவன்சனின் அப்பா. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், அறுபதைத் தாண்டியவர். கதையில் வரும் கிழட்டு மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தார். நாவலில் உள்ள பெட்டிச் சாமான்கள் அவர் எழுதித் தந்தவை. அவரிடம் போய் வயதுக்கேற்றதைப் படியுங்கள் என்று யாரும் சொல்லாதது நம் அதிர்ஷ்டம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டோல்கீனின் ‘த ஹாபிட்’ கைப்பிரதியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துக் கருத்து கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். வரைபடங்கள் இருப்பதால் வேறு படங்கள் தேவையில்லை, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். 1937இல் புத்தகம் வந்தது. தன் வயதுக்காரர்களை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை பாருங்கள். தன்னைவிடச் சின்னவர்களுக்கானது என்று சொல்லிக்கொண்டே ரசிக்கிற வழக்கம் பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது போல.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. முதல் பக்கத்தில் ஒரு பழைய தீர்க்கதரிசனம், உலகத்தைக் காக்கவே பிறந்த பையன், எட்டாம் பாகம் வரை சாகாத வில்லன் என்று அச்சில் வார்த்தவை குவிந்து கிடக்கின்றன. அவற்றை மகள் படிக்கட்டும், அந்த வயதில் எல்லாம் செரிக்கும். நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு அவள் உங்களிடம் வந்து, ‘அம்மா, கடற்கொள்ளைக்காரர்களோடு கப்பலில் போகிறேன்’ என்றால் விடுவீர்களா? மாட்டீர்கள். கதை அங்கேயே முடிந்தது. அதனால் எழுத்தாளர்கள் பெற்றோரை முதலிலேயே அப்புறப்படுத்திவிடுகிறார்கள். கொல்வது சுலபமான வழி. விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது, லீவுக்கு மாமா வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் கருணையான வழிகள். ஜிம்மின் அம்மா கடைசி வரை உயிரோடுதான் இருக்கிறார், சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

அடுத்து என்ன? தமிழில் என்றால் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியை வைத்து எழுதப்பட்ட சிறுவர் நாவல், 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். எர்த்ஸீ வரிசையில் 1971, 1972இல் அடுத்த இரண்டும் வந்தன. பிறகு நீண்ட இடைவெளி விட்டு 1990இல் ‘தெஹானு’. அதில் மையம், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட ஒரு நடுவயதுப் பெண். மந்திரம் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வருகிறான் அந்த ஆட்டுக்காரப் பையன். உங்கள் மகளுக்கு இப்போது அது ருசிக்காது. உங்களுக்கு ருசிக்கும், வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால்.

ஆனால் இரண்டாவதான ‘த டூம்ஸ் ஆஃப் அதுவானை’ மட்டும் முந்திக்கொள்ளாமல் அவளோடு சேர்ந்து படியுங்கள். அதில் அப்பாவும் அம்மாவும் சாகவில்லை. ஐந்து வயதுப் பெண்ணைக் கோயிலுக்குப் பூசாரியாகக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.