ஆயிரம் அடி தோண்டினால் தண்ணீர் வருமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் நிலத்தடிப் பாறை அடுக்குகளை வரைபடமாக்குவதால் விவசாயிக்கு என்ன பயன், எங்கே போர் போடலாம் என்று அது சொல்லிவிடுமா என்பது கேள்வி.

ஓரளவு சொல்லும். ஆனால் எந்த ஆழத்தோடு நிறுத்த வேண்டும் என்று சொல்வதைத்தான் நான் அதைவிடப் பெரிய பயனாக நினைக்கிறேன்.

தஞ்சாவூரைப் போல நமக்குக் கீழே மணல் படுகை இல்லை. நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறைதான். தண்ணீர் நிற்பது இரண்டே இடங்களில்: மேலே சிதைந்து உதிர்ந்த பாறையில், அதற்குக் கீழே விரிசல்களில். ரிக் வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் செம்மண், பிறகு பிசுபிசுப்பான வெளிர் மஞ்சள் தூள், அப்புறம் சாம்பல் நிறக் கல்மாவு. நடுவில் துருப்பிடித்தது போலப் பழுப்பேறிய சில்லுகள் வந்தால் அங்கே விரிசல் இருக்கிறது, தண்ணீர் ஓடியிருக்கிறது. ஆழம் கூடக்கூட இந்த விரிசல்கள் அரிதாகின்றன. கடன் வாங்கி ஆயிரம் அடிக்கு இறங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மின்தடை ஆய்வு இதைத் தோண்டாமலே காட்டும். தரையில் நான்கு கம்பிகளை ஊன்றி, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். இடைவெளியை அகட்ட அகட்ட ஆழமான பாறையின் தன்மை தெரியும். ஈரமான சிதைந்த பாறை மின்தடை குறைவாகவும், விரிசலில்லாத பாறை மிக அதிகமாகவும் காட்டும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பும் முன் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று டோலரைட் என்ற பாறை இயற்கையாகவே எழுப்பிய சுவர்கள். குவாரிகளில் கருப்புக் கிரானைட்டாக வெட்டி எடுக்கிறார்களே, பெரும்பாலும் அதுதான். பூமிக்குள் செங்குத்தாக நின்று நீரோட்டத்தை மறிக்கும். ஒரு பக்கத்துக் கிணறு நிறைந்திருக்க, மறுபக்கம் வறண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது ஓடும் திசை தெரிந்தால்தான் தடுப்பணையில் தேங்கும் நீர் யார் கிணற்றுக்குப் போய்ச் சேரும் என்று கணிக்க முடியும்.

புளோரைடையும் மறக்கக் கூடாது. பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்கு வந்ததே இதனால்தான்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய நீர்த்தாங்கி (நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் பாறை அடுக்கு) வரைபடப் பணியின் அறிக்கைகள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்குரியதைப் படியுங்கள். ஆனால் மாவட்ட அளவிலான வரைபடம் உங்கள் வயலின் ஒவ்வொரு மூலையையும் காட்டாது. அதனால் உங்கள் ஊரில் யார் போர் போட்டாலும் மேல்மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, தண்ணீர் எந்த ஆழத்தில் தட்டியது, என்ன நிறச் சில்லு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து போர் போடுபவருக்கு முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.